முடியாது, கூடாது, மாட்டேன்

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் வெயில் தாழ்ந்த பிறகுதான் மணலில் உட்கார முடியும். வெளியூர்க்காரர்கள் சில்வர் பீச் என்று தேடி வருகிற மணல் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே என் அக்கா மகனும் அவனோடு படிக்கும் மூன்று பேரும் பெட்ஷீட்டை விரித்து, காகிதங்கள் பறக்காமல் இருக்க அவற்றின் மேல் சிப்பிகளை வைத்து, ஓர் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். காய்கள் இல்லை, கட்டம் இல்லை. இருபது முகம் கொண்ட ஒரு பகடை மட்டும் இருந்தது. ஒருவன் கதை சொல்கிறான்: இருட்டு, குகை, உள்ளே ஏதோ உறுமுகிறது. மற்ற மூவரும் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, என்ன செய்யப் போகிறோம் என்று சொல்கிறார்கள். செய்தது பலித்ததா என்று சந்தேகம் வந்தால் பகடை உருள்கிறது.

என் அக்கா மகன் மந்திரவாதி. வீரனாக ஆடியவன் அடிபட்டு விழுந்துவிட்டான், அவன் வாள் பக்கத்திலேயே கிடக்கிறது, பூதம் நெருங்கி வருகிறது. "வாளை எடுத்துக் குத்துறேன்" என்றான் இவன். கதை சொல்கிறவன் கைபேசியில் பழைய விதிப்புத்தகத்தைப் பார்த்து, "மந்திரவாதியால வாள் பிடிக்க முடியாது, கத்திதான்" என்றான்.

"ஏன் முடியாது? எனக்குக் கை இல்லையா?"

யாருக்கும் பதில் தெரியவில்லை. என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க மாமா, வாளை எடுத்தா என்ன ஆகும்? கை வெந்துடுமா?" என்று கேட்டான்.

அவன் விளையாட்டாகக் கேட்ட அந்தக் கேள்வியை ஐம்பது ஆண்டுகளாக உலகெங்கும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டார்கள். முதலில் அச்சிட்டது 1,000 பிரதிகள். மூன்று சிறு புத்தகங்கள்தான் ஆட்டம். அதில் ஆடுகிறவர் தேர்ந்தெடுக்க மூன்று வகைப் பாத்திரங்கள் இருந்தன: சண்டைக்காரன், மந்திரவாதி, பூசாரி. அடுத்த ஆண்டே திருடன் சேர்ந்தான். ஒவ்வொரு வகைக்கும் செய்யக்கூடியவை, செய்யக்கூடாதவை என்று ஒரு பட்டியல் உண்டு. மந்திரவாதிக்குக் கவசம் இல்லை, கத்தியைத் தவிர ஆயுதம் இல்லை. பூசாரி கவசம் போடலாம், ஆனால் கூரான ஆயுதம் எடுக்கக்கூடாது, கதாயுதம்தான் எடுக்க வேண்டும்.

இந்த வகையை ஆங்கிலத்தில் 'கிளாஸ்' என்பார்கள். 'வகுப்பு' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு சுமை இருக்கிறது, அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். கடலூர் மாவட்டத்துக் கூத்துக்காரர்களிடம் நல்ல சொல் இருக்கிறது: வேஷம். வேஷம் கட்டினால் கிரீடமும் புஜகீர்த்தியும் மார்பதக்கமும் மட்டும் வருவதில்லை. அந்த வேஷத்துக்கு உரிய நடையும் அடவும் பேச்சும் கூடவே வந்துவிடும். விடிந்ததும் முகப்பூச்சைக் கழுவினால் எல்லாம் போய்விடும். இந்த ஆட்டத்து 'கிளாஸ்' அதுவேதான்.

அன்று நான் பதில் சொல்வதற்குப் பதிலாக, மணலில் விரலால் கோடு போட்டேன்.

உச்சியில் ஒரு புள்ளி. அதிலிருந்து விரிந்து இறங்கும் நான்கு கோடுகள். அவற்றைக் குறுக்கே வெட்டி இரண்டு பக்கமும் வெளியே நீளும் மூன்று கோடுகள். அந்த மூன்றின் முனைகளை இடப்புறமும் வலப்புறமும் இணைக்கும் இரண்டு சுவர்கள். அடியில் நான்கு கோடுகளையும் சேர்த்துக் கட்டும் ஓர் அடிக்கோடு. உச்சியில் 1, குறுக்குக் கோடு ஒவ்வொன்றிலும் 6, அடியில் 4. ஆக 23 புள்ளிகள். தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டாம். ஆடுபுலி ஆட்டம். பழைய கோயில் மண்டபங்களின் கல்தரையில் இந்தக் கோடுகளைக் கொத்தி வைத்திருப்பதை எத்தனையோ ஊர்களில் பார்க்கலாம்.

புலி 3, ஆடு 15. இரண்டு வேஷங்கள், இரண்டு விதிகள். புலி முதலிலிருந்தே நகரும். பக்கத்தில் ஓர் ஆடு நின்று, அதற்கு நேர் பின்னால் இடம் காலியாக இருந்தால் தாண்டிக் குதித்து ஆட்டை வெட்டும். ஆடுகள் ஒவ்வொன்றாகக் களத்தில் இறங்கும். 15 ஆடுகளும் இறங்கும்வரை எந்த ஆடும் நகராது. இறங்கிய பிறகு ஓர் அடி நகரலாம், தாண்ட முடியாது. எந்தப் புலியும் அசைய முடியாமல் அடைத்துவிட்டால் ஆடுகள் ஜெயித்தன.

மணலில் வரைந்த அந்தப் பலகையைக் கொஞ்ச நேரம் எண்ணிப் பார்த்தால் ஆச்சரியமான விஷயங்கள் வெளிப்படும். புலி தாண்ட வேண்டுமென்றால் ஆட்டுக்கு அந்தப் பக்கம் கோடு நீண்டிருக்க வேண்டும். கோடு முடிகிற இடத்தில் நிற்கும் ஆட்டைத் தாண்டினால் போய் இறங்க இடம் இல்லை. அப்படி எல்லாக் கோடுகளும் முடிகிற புள்ளிகள் இந்தப் பலகையில் 7: உச்சி, இரு சுவர்களின் நான்கு மூலைகள், அடிக்கோட்டின் இரண்டு முனைகள். அங்கே நிற்கும் ஆட்டை எந்தப் புலியாலும் தொட முடியாது. ஆடுகளை ஆடத் தெரிந்த பாட்டிமார்கள் முதல் ஆடுகளை மூலையில் கொண்டு வைப்பதன் கணக்கு இதுதான். பாறை இடுக்கில் முதுகைக் கொடுத்து நிற்கும் ஆட்டை நினைத்துக்கொண்டால் கணக்கே வேண்டாம்.

அதே மூலை புலிக்கு நேர் எதிர். மூலையில் நிற்கும் புலிக்குப் போக இரண்டு வழிகள்தான். அந்த இரண்டிலும் ஆடு நின்று, ஒவ்வொன்றுக்கும் பின்னால் இன்னோர் ஆடு முட்டுக்கொடுத்தால் புலி முடிந்தது. 4 ஆடுகள் போதும். உச்சியில் இருக்கும் புலிக்கு நான்கு வழிகள், அதை அடைக்க 8 ஆடுகள் வேண்டும். ஆட்டைக் காக்கும் இடமே புலியைக் கொல்லும் இடம். இதை யாரும் விதியாக எழுதி வைக்கவில்லை. தாண்டலாம், தாண்ட முடியாது என்ற இரண்டு சொற்களிலிருந்து தானாக விளைந்தது.

இன்னொன்றும் சொல்கிறேன். இதை அன்றுதான் நானே எண்ணிப் பார்த்தேன். வெவ்வேறு சுவர்களின் மூலைகளில் இருக்கும் இரண்டு புலிகளை அடைக்க 8 ஆடுகள் வேண்டும். ஆனால் அந்த இரண்டு புலிகளும் ஒரே சுவரின் மேல்மூலையிலும் கீழ்மூலையிலும் நின்றுவிட்டால் 5 ஆடுகள் போதும். நடுவில் நிற்கும் ஓர் ஆடு இருவருக்கும் தடையாகிறது. அந்த ஆட்டை ஒரு புலி தாண்ட நினைத்தால் மறுபக்கம் இன்னொரு புலியே நிற்கிறது. புலிகள் நெருங்கினால் புலிகளுக்கே ஆபத்து. ஆடுகள் சிதறினால் ஆடுகளுக்கு ஆபத்து. காட்டில் புலி தனியாகத் திரியும், ஆடு மந்தையாக மேயும். விலங்கியல் படிக்காமல், கோடும் கூழாங்கல்லும் மட்டும் வைத்து யாரோ ஒருவர், அல்லது பல தலைமுறைக் குழந்தைகள், அந்த இரண்டு விலங்குகளின் வாழ்க்கையையும் விதிக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். எனக்கு இது ஒரு பெரிய கவிதைக்குச் சமம்.

நேபாளத்தில் இதன் உறவுக்கார ஆட்டம் இருக்கிறது. பாக்சால் என்று பெயர். 25 புள்ளிகள், 4 புலிகள், 20 ஆடுகள். லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் என்ற ஆய்வாளர்கள் அதைக் கணினியில் அலசி, இரண்டு பக்கமும் பிழையில்லாமல் ஆடினால் வெற்றி தோல்வி இல்லை என்று காட்டியிருக்கிறார்கள். ஐரோப்பாவில் நரியும் வாத்துகளும் ஆடுகின்றன. ஊர் மாறினால் விலங்கு மாறுகிறது. வேட்டையாடுவது சில, வேட்டையாடப்படுவது பல என்ற கதை மட்டும் மாறுவதில்லை.

சதுரங்கத்தோடு ஒப்பிட்டால் இதன் அருமை தெரியும். நாம் மந்திரி என்று சொல்லும் காயை ஆங்கிலேயர் பிஷப் என்கிறார்கள், பிரெஞ்சுக்காரர்கள் கோமாளி என்கிறார்கள், ஜெர்மானியர்கள் ஓடுகிறவன் என்கிறார்கள். நாலு ஊரில் நாலு வேஷம், ஆனால் ஆட்டம் ஒன்றே. அந்தக் காயின் விதி கதையிலிருந்து கழன்று எப்போதோ தனியாகப் போய்விட்டது. குதிரை தாண்டுவதில் மட்டும் கொஞ்சம் குதிரை மிச்சம் இருக்கிறது. ஆடுபுலியில் பெயரை மாற்றிப் பாருங்கள். 3 காய்களை ஆடு என்றும் 15 காய்களைப் புலி என்றும் சொல்லுங்கள். கணக்கு ஓர் இம்மி மாறாது. ஆனால் ஆறு வயதுக் குழந்தை ஒத்துக்கொள்ளாது, "ஆடு எப்படிப் புலியைத் தாண்டும்?" என்று கேட்கும்.

அந்தக் குழந்தையின் கேள்வியில் ஓர் அறிவியல் இருக்கிறது. 1966-ல் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் ஒரு புதிர் போட்டார். அதைத் தமிழில் இப்படிச் சொல்லலாம். மேசைமேல் நான்கு சீட்டுகள். ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். மேலே தெரிவது அ, க, 4, 7. ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்க வேண்டும் என்பது விதி. விதி மீறப்பட்டிருக்கிறதா என்று அறிய எந்தச் சீட்டுகளைத் திருப்ப வேண்டும்? விடை: அ, 7. நன்றாகப் படித்தவர்களிலேயே பத்தில் ஒருவர் சரியாகச் சொல்வது அரிது. பெரும்பாலோர் 4-ஐத் திருப்புவார்கள். 4-க்குப் பின்னால் எது இருந்தாலும் விதி மீறப்படாது என்பது தோன்றுவதில்லை.

1982-ல் ரிச்சர்ட் கிரிக்ஸ், ஜேம்ஸ் காக்ஸ் இருவரும் புளோரிடாவில் அதே புதிருக்கு வேஷம் கட்டினார்கள். நான்கு சீட்டுகள் நான்கு மனிதர்கள். ஒரு பக்கம் என்ன குடிக்கிறார் என்பது, மறுபக்கம் வயது. தெரிவது பீர், கோக், 22, 16. பீர் குடிப்பவருக்கு 19 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது விதி. நீங்கள் போலீஸ்காரர், யாரைச் சோதிப்பீர்கள்? ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் உடனே சரியாகச் சொன்னார்கள்: பீர் குடிப்பவரையும் 16 வயதுக்காரரையும். தர்க்கம் அதேதான். கதை மட்டும் வந்து சேர்ந்தது. எதனால் இப்படி என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். லீடா காஸ்மிடஸ் என்பவர், மனித மனம் 'கூடாது' என்பதை மீறுகிறவனைக் கண்டுபிடிக்கவே பழக்கப்பட்டது என்றார். எப்படியிருந்தாலும், வெறும் விதியை நாம் தடுமாறிக்கொண்டுதான் பிடிக்கிறோம், கதையோடு வந்த விதியைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறோம்.

இப்போது என் அக்கா மகனின் கேள்விக்கு வருகிறேன். மந்திரவாதிக்கு வாள் 'முடியாது' என்று அவன் நண்பன் சொன்னான். ஆங்கிலப் பேச்சில் பெரும்பாலும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகிற இந்த மறுப்பைத் தமிழ் மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. முடியாது, கூடாது, மாட்டேன். முதலாவது உடம்பும் உலகமும் போடும் எல்லை. இரண்டாவது ஊரும் தர்மமும் போடும் எல்லை. மூன்றாவது தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் எல்லை. ஆடு தாண்ட முடியாது. அதில் சண்டைக்கு இடமில்லை. மந்திரவாதிக்குக் கை இருக்கிறது, வாள் தரையில் இருக்கிறது, அப்படியானால் அது 'முடியாது' இல்லை. கூடாதா? யார் தடுத்தார்கள்? மாட்டானா? அவனே எடுக்கிறேன் என்கிறானே! விதிப்புத்தகம் சொன்னது 'முடியாது', கதைக்குள் இருந்தவனுக்கு அது எந்த வகையிலும் பொருந்தவில்லை. பெட்ஷீட்டில் எழுந்த சண்டைக்கு வேர் அந்தப் பொருத்தமின்மைதான்.

அந்த ஆட்டத்தை உண்டாக்கியவர்களுக்கே இந்தச் சிக்கல் இருந்தது. அவர்கள் விரும்பியது சமநிலை. மந்திரவாதிக்கு மந்திரமும் வாளும் கவசமும் சேர்ந்தால் வேறு எவரும் தேவைப்படமாட்டார்கள். அதனால் ஒரு கையில் கொடுத்ததை மறு கையில் பிடுங்கினார்கள். ஆடுகிறவர்களோ டோல்கீன் என்ற எழுத்தாளரின் நாவல்களைப் படித்தவர்கள். 1937-ல் வந்த அவருடைய 'ஹாபிட்' நாவலிலேயே கண்டால்ஃப் என்ற மந்திரவாதி வாளோடு திரிகிறார். பூசாரி கூரான ஆயுதம் எடுக்கக்கூடாது என்பதற்கு, குருமார்கள் ரத்தம் சிந்தக்கூடாது என்று ஒரு காரணம் சொல்லப்பட்டது. கதாயுதத்தால் மண்டையில் அடித்தாலும் ரத்தம் வரும் என்பதை எந்த வீரனும் அறிவான்.

நன்றாகப் பொருந்தியவையும் உண்டு. மந்திரம் மறந்துபோகும் என்ற விதி அப்படிப்பட்டது. ஜாக் வான்ஸ் என்ற எழுத்தாளரின் 1950-ம் ஆண்டுக் கதைத் தொகுப்பில், மந்திரவாதிகள் மந்திரத்தை அரும்பாடுபட்டு மனதில் ஏற்றிக்கொள்கிறார்கள். உச்சரித்ததும் அது நினைவைவிட்டுப் போய்விடுகிறது. கைகாக்ஸ் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். ஒரு நாளைக்கு இத்தனை மந்திரம்தான் என்ற வறட்டுக் கணக்கு, மறதி என்ற மனித அனுபவமாக மாறிவிட்டது. பூசாரி என்ற வேஷமே பிறந்த விதமும் அழகு. ஆர்னசன் நடத்திய ஆட்டத்தில் ஒருவர் ரத்தக்காட்டேரியாக ஆடி எல்லோரையும் மிஞ்சிவிட்டார். அவரை அடக்க, திரைப்படங்களில் சிலுவையோடு வருகிற காட்டேரி வேட்டைக்காரனைப் போல ஒரு வேஷம் உண்டானது. கதையில் ஒரு தேவை எழுந்தது, விதி அதைப் பின்தொடர்ந்து வந்தது.

2000-ல் வந்த மூன்றாம் பதிப்பு மந்திரவாதியின் கவசத் தடையைத் திருத்தியது. கவசம் போடலாம், ஆனால் கை அசைவு தடைப்படுவதால் மந்திரம் பிசகக்கூடும். 'முடியாது' என்று நின்ற சுவர், 'முடியும், ஆனால் ஆபத்து' என்ற கதவாகிவிட்டது. 2014 பதிப்பிலோ, காட்டுத் தெய்வங்களை வழிபடும் துறவி வேஷம் உலோகக் கவசம் 'அணியமாட்டார்' என்று எழுதியிருந்தார்கள். என் பாத்திரம் மாட்டாது என்று புத்தகம் எப்படிச் சொல்லலாம் என்று ஆடுகிறவர்கள் கொதித்தார்கள். அவர்கள் கோபம் நியாயம் என்பது என் கட்சி. 'முடியாது' என்பதைப் புத்தகம் சொல்லலாம். 'கூடாது' என்பதைக் கதை சொல்பவர் சொல்லலாம். 'மாட்டேன்' என்பதை வேஷம் கட்டியவர் மட்டுமே சொல்ல வேண்டும்.

இந்த மூன்றையும் துல்லியமாகப் பிரித்து, விடிய விடிய ஆடிக் காட்டும் ஓர் ஆட்டம் கடலூர், விழுப்புரம் பக்கத்து ஊர்களில் இருக்கிறது. திரௌபதி அம்மன் திருவிழாவும் அதையொட்டிய பாரதக் கூத்தும்.

'முடியாது' என்பதற்குக் கர்ணன். பரசுராமர் பிராமணருக்குத்தான் அஸ்திரம் கற்பிப்பார். கர்ணன் வேஷம் மாற்றிப் போய்க் கற்கிறான். குரு அவன் மடியில் தலைவைத்துத் தூங்கும்போது வண்டு ஒன்று தொடையைத் துளைக்கிறது. குருவின் தூக்கம் கலையக்கூடாது என்று அசையாமல் இருக்கிறான். ரத்தம் பட்டு விழித்த குரு, இந்த வலியைப் பிராமணனால் பொறுக்க முடியாது, நீ க்ஷத்திரியன் என்று கண்டுகொண்டு, வேண்டும் நேரத்தில் மந்திரம் மறந்துபோகக் கடவது என்று சபிக்கிறார். வான்ஸின் மந்திரவாதி சொன்ன பின் மறக்கிறான், கர்ணன் சொல்ல வேண்டிய நொடியில் மறக்கிறான். அவன் கைகள் இருக்கின்றன, வில் இருக்கிறது, ஆனால் முடியாது. கர்ண மோட்சம் கூத்தில் தேர்ச்சக்கரம் மண்ணில் இறங்கும்போது கூட்டம் அழுவது, அந்த 'முடியாது' எங்கிருந்து வந்தது என்று தெரிந்ததால்.

வகுப்பு என்ற சொல்லைத் தவிர்த்ததற்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது. வலி பொறுப்பவன் இன்ன பிறப்பாகத்தான் இருக்க வேண்டும் என்ற குருவின் முடிவு ஒரு விதிப்புத்தக முடிவு. ஆட்டத்தில் வேஷத்தை நாம் தேர்ந்தெடுக்கிறோம், ராத்திரி முடிந்தால் கழற்றி வைக்கிறோம். பிறப்பால் ஒட்டப்பட்ட வேஷத்தைக் கழற்ற விடமாட்டார்கள். ஒரு மனிதனின் திறமையையும் அவன் பிறப்பையும் ஒரே பட்டியலில் எழுதிய கொடுமைதான் கர்ணனின் கதை. கூத்து பார்க்கிற சனங்களுக்கு அது பாரதத்துக் கதை மட்டும் அல்ல.

'கூடாது' என்பதற்கு வீமன். கதாயுதச் சண்டையில் தொப்புளுக்குக் கீழே அடிக்கக்கூடாது. அடிக்க முடியும், கை எட்டும். ஆனால் கூடாது. திருவிழாவின் படுகளத்தன்று, தரையில் மண்ணால் பெரிய உருவமாகத் துரியோதனனைக் கிடத்தியிருப்பார்கள். வீமன் வேஷக்காரர் அதன் தொடையில் அடிப்பார். சபையில் திரௌபதியைப் பார்த்துத் துரியோதனன் தட்டிக் காட்டிய தொடை அது. விதி மீறப்படுகிறது, கதை நிறைவேறுகிறது. பலராமர் கோபத்தில் கலப்பையை ஓங்குவதும் கதையில் உண்டு. மீறலுக்கு விலை இருக்கிறது, மீறலுக்குக் காரணமும் இருக்கிறது. மேசை ஆட்டக்காரர்கள் தேடுவது இப்படிப்பட்ட 'கூடாது'வைத்தான்: மீற முடிகிற, மீறினால் கதை கனக்கிற விதியை.

'மாட்டேன்' என்பதற்குத் திரௌபதி. துரியோதனன் ரத்தம் பூசாமல் கூந்தலை முடியமாட்டேன் என்பது அவள் சபதம். அதை யாரும் அவள்மேல் போடவில்லை. படுகளத்தில் மண்ணுருவத்தின் செந்நீர் தொட்டுத்தான் கூந்தல் முடிப்பு நடக்கும்.

இவர்கள் எல்லோருக்கும் நடுவே கட்டியக்காரன் இருக்கிறான். ராஜ வேஷம் திரைக்குப் பின்னால் நிற்கும்போது, நீர் யார், எந்த நாடு என்று கேட்டு வரவழைப்பவன் அவன். ராஜாவோடும் பேசுவான், கூட்டத்தோடும் பேசுவான், ஒரு நொடியில் சேவகனாகவும் மாறுவான். பெட்ஷீட்டில் உட்கார்ந்து குகையை விவரித்த பையன் செய்த வேலையும் ஏறக்குறைய அதுதான்.

இருட்டுவதற்குள் கெடிலம் ஆற்றோரம் இருக்கும் பழைய கோட்டையின் இடிபாடுகள் வரை நடந்தோம். செயின்ட் டேவிட் கோட்டை. 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி இதைச் செஞ்சியில் இருந்த மராட்டியரிடம் வாங்கியது. விற்பனையின் விதியை இன்று படித்தாலும் திகைப்பாக இருக்கும். கோட்டையோடு, அதிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள நிலமும் சேர்த்தி. சென்னையிலிருந்த கம்பெனித் தலைமை, குண்டு எவ்வளவு தூரம் போகும் என்பது பீரங்கிக்காரன் கைத்திறனில் இருக்கிறது என்று நினைவுபடுத்தி அனுப்பியது. சுட்டார்கள். கடலூர் நகரமே அந்த வட்டத்துக்குள் வந்தது. உள்ளே விழுந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்ற பெயர் நிலைத்தது. பீரங்கிக்கு இதற்குமேல் முடியாது என்ற இடம், மராட்டியருக்கு இதற்குள் வரக்கூடாது என்ற எல்லையாயிற்று. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடித்தார்.

கோட்டைக் கதையைக் கேட்டுவிட்டு அக்கா மகன் திரும்பும் வழியெல்லாம் பேசவில்லை. மணலுக்கு வந்ததும் நண்பனிடம் சொன்னான்: "டேய், நான் வாளை எடுக்கலாம். ஆனா மந்திரம் கத்துக்கிட்டப்போ குருகிட்ட இரும்பு தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன். இப்ப தொட்டா எனக்கு மந்திரம் மறந்துபோகும். இவன் உயிர் போறதா, என் மந்திரம் போறதா?" கதை சொல்கிறவன் புத்தகத்தை மூடிவிட்டான். நால்வரும் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்கள். பகடையை யாரும் தொடவில்லை.

அடுத்த முறை கடற்கரைக்கு, எந்தக் கடற்கரையானாலும், ஒரு குழந்தையோடு போனால் மணலில் 23 புள்ளிகளை வரையுங்கள். 3 கூழாங்கல், 15 சிப்பி எடுத்துக்கொள்ளுங்கள். எது புலி, எது ஆடு என்று மட்டும் சொல்லிவிட்டு, யார் தாண்டலாம், யார் தாண்ட முடியாது என்பதைக் குழந்தையிடமே கேளுங்கள்.